புறா வரலையே

என் தங்கை புருஷனுக்கு இரும்புப் பட்டறை. வாசல் கேட்டும் ஜன்னல் கம்பியும் அடித்துக் கொடுப்பான். எல்லோரும் அவனைப் பட்டறைக்காரன் என்றுதான் சொல்வார்கள், நானும் அப்படியே சொல்லிக்கொண்டு போகிறேன். ஊருக்கெல்லாம் கேட் அடித்துக் கொடுத்தவன் ஊரில் ஒருத்தனையும் நம்ப மாட்டான். கூலிக்கு வருகிறவன், சரக்குக் கொடுக்கிறவன், டாக்டர், பேப்பரில் வருகிற செய்தி, எல்லாமே அவனுக்குப் பொய். நான் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவன். பின்னால் எவன் இடிக்க வருகிறான் என்று கண்ணாடியைப் பார்த்தே காலத்தைக் கழித்ததில் எனக்கும் மனுஷர் மேல் பெரிய அபிப்பிராயம் கிடையாது. அதனால் எங்களுக்குள் ஒத்துப்போயிற்று. நம்பினால்தானே ஏமாந்து சண்டை வரும்.

அவன் நம்பியது புறாவை மட்டும். மொட்டை மாடியில் தகரமும் கம்பிவலையும் வைத்து அவனே அடித்த கூண்டு. அதில் பந்தயப் புறாக்கள். பட்டறையில் அடுப்பை அணைத்ததும் நேரே மாடிக்குத்தான் ஏறுவான். "புறாவுக்கு வாக்கப்பட்டிருக்க வேண்டிய ஆளு, தப்பி எனக்கு வந்து மாட்டிக்கிட்டாரு" என்று என் தங்கை கீழேயிருந்து கத்துவாள். அவன் காதில் விழாது. விழுந்தாலும் அதுவும் பொய் என்று விட்டுவிடுவான்.

பந்தயம் என்றால் ஒன்றுமில்லை. பத்துப் பேர் வளர்க்கிற புறாக்களைக் கூடையில் அடைத்து, லாரியில் ஏற்றி, வெகுதூரத்திலுள்ள ஒரு நகரத்துக்கு அனுப்புவார்கள். அங்கே விடிந்ததும் கூடையைத் திறந்துவிடுவார்கள். ஒவ்வொன்றும் தன் கூண்டைத் தேடித் தானாக வர வேண்டும். எத்தனை தூரத்தை எத்தனை நேரத்தில் கடந்தது என்று கணக்குப் போட்டு முதல் புறாவைச் சொல்வார்கள். கூடையில் போனதெல்லாம் திரும்பாது. பருந்து அடிக்கும், மின்கம்பியில் மோதும், மழையில் வழி தவறும். இல்லாவிட்டால் தாகத்துக்கு எவன் மாடியிலாவது இறங்கும், அவன் பிடித்து வைத்துக்கொள்வான். பெரிய பந்தயத்தில் பாதி வந்தால் அதிர்ஷ்டம்.

தூரத்தைப் பற்றி எனக்கும் அவனுக்கும் ஓயாத தகராறு. அந்த நகரத்துக்கு நான் பஸ் ஓட்டிப் போயிருக்கிறேன். ஆயிரத்து முந்நூறு கிலோமீட்டருக்குக் குறையாது என்பேன். "உன் ரோடு குடிகாரன் மாதிரி ஆடி ஆடிப் போகும் மச்சான். வானத்துல நேரா போனா ஆயிரம்தான்" என்பான். ரயிலில் போனால் இரண்டு ராத்திரி. நல்ல காற்று இருந்தால் புறா இரண்டு பகலில் வந்துவிடும். ரயிலை விடப் புறா வேகம் என்பதில் அவனுக்கு ஒரு பெருமை, என்னமோ அந்தப் புறாவை இவனே பெற்ற மாதிரி.

பெற்றது ஒரு பெண். நான் அவளை மிளகா என்று கூப்பிடுவேன். வாயைத் திறந்தால் அப்படி ஒரு காரம். சின்னதில் அப்பனோடு மாடியில் நின்று, எங்கோ புள்ளியாய் வருகிற புறாவை அவள்தான் முதலில் பார்ப்பாள். எது வந்தது, எது வரவில்லை என்று அவளுக்கு மனப்பாடம். வராததற்காக ஒரு நாளும் அழுததில்லை. "வராதது வராதுதான்ப்பா, விடுங்க" என்று அப்பனுக்கு ஆறுதல் சொல்கிற பிள்ளை. பிறகு ரத்தப் பரிசோதனைக்குப் படித்தாள். இங்கேயே ஒரு பரிசோதனை நிலையத்தில் ஊசி குத்துகிற வேலை. "வாய்லயே குத்துவா, இவளுக்கு ஊசி எதுக்கு" என்று நான் சொல்வேன். "உங்களுக்குக் குத்துனா டீசல்தான் மாமா வரும்" என்பாள்.

அவளுக்கு வரன் வந்தது அந்த நகரத்திலிருந்து, எங்கள் புறாக்களைத் திறந்துவிடுகிற அதே நகரத்திலிருந்து. பட்டறைக்காரன் உடனே சரி என்று சொல்லிவிடவில்லை. யாருக்கும் தெரியாமல் ரயிலேறிப் போய் மாப்பிள்ளை வீட்டுத் தெருவில் மூன்று நாள் திரிந்தான். முடிதிருத்துகிறவனிடம் கேட்டான், மளிகைக்கடையில் கேட்டான், அந்தப் பையன் வேலை செய்கிற கிடங்கின் வாசலில் நின்று காவலாளியிடம் கேட்டான். எல்லோரும் தங்கமான பையன் என்றார்கள். எல்லோரும் ஒரே மாதிரி சொல்கிறார்களே, அதுதான் எனக்கு இடிக்கிறது என்று வந்து என்னிடம் சொன்னான். இருந்தும் கல்யாணம் நடந்தது. ஒருத்தனும் குறை சொல்லாத வரனை எதைச் சொல்லித் தட்டுவது?

அவளை அனுப்பிவைக்க ரயில் நிலையத்துக்குப் போனோம். பெட்டியோடு பெட்டியாக ஒரு சின்னக் கம்பிக்கூண்டு. அதில் கிறுக்கன் இருந்தது. குஞ்சாக இருக்கும்போது எல்லாப் புறாவும் வலப்பக்கம் வட்டமடித்தால் இது மட்டும் இடப்பக்கம் அடிக்கும், அதனால் அந்தப் பெயர். அந்த நகரத்திலிருந்து இரண்டு தடவை பந்தயத்தில் பறந்து வந்த சேவல் புறா. அதன் பெட்டையை மட்டும் வீட்டில் நிறுத்திக்கொண்டான். ஜோடியைப் பிரித்து வைத்தால்தான் சேவல் வேகமாக வரும் என்பது புறாக்காரர்கள் வழக்கம். மாப்பிள்ளை வீட்டாருக்கு அது செல்லப்பிராணி. பெண்ணோடு புறாவுமா என்று சிரித்தார்கள்.

மருமகன் தண்ணீர் வாங்க இறங்கிய நேரத்தில் பட்டறைக்காரன் மகளிடம் சொன்னதைப் பக்கத்தில் நின்று கேட்டேன்.

"போன்ல பேசினா நாலு காது கேக்கும். உனக்கு அங்க சரிப்படலைன்னா வாயைத் திறக்காத. மழை இல்லாத நாளாப் பாத்து, விடிஞ்சதும் இவனைத் திறந்து விட்டுடு. சீட்டு எதுவும் கட்ட வேணாம். இவன் வந்து நின்னா எனக்குப் புரிஞ்சிடும். இவனுக்கு ரெண்டு பகல், எனக்கு ரெண்டு ராத்திரி. அஞ்சாம் நாள் காலையில உன் வாசல்ல நிப்பேன்."

"அப்பா, நான் போறது குடும்பம் நடத்தவா, பந்தயத்துக்கா?" என்று சிரித்தாள். ஆனால் கூண்டை மடியில் வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்தாள்.

முதலில் வாரம் ஒரு முறை பேசினாள். அப்புறம் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை. எல்லாருமே கேட்கிற மாதிரி அந்தப் பக்கம் போனை ஸ்பீக்கரில்தான் போடுவார்கள். அவள் ஒரு வார்த்தை பேசினால் அவள் மாமியார் இரண்டு வார்த்தை நடுவில் போடுவாள். வேலைக்குப் போகவில்லையா என்று கேட்டால், வீட்டில் என்ன குறை, வேலைக்கு எதற்கு என்று மாமியார்தான் பதில் சொன்னாள். நன்றாக இருக்கிறேன், சாப்பிட்டேன், நீங்கள் சாப்பிட்டீர்களா, அவ்வளவுதான் மிளகா பேசியது.

என் தங்கை ஒரு நாள் என் வீட்டுக்கே வந்துவிட்டாள். "அண்ணே, அவ குரல்ல காரமே இல்லண்ணே. நான் வேணும்னே வம்புக்கு இழுத்தேன். சரிம்மா, சரிம்மாங்கறா. எம்பொண்ணு என்னைக்கு எனக்குச் சரிம்மா சொல்லியிருக்கா?"

நான் பட்டறைக்குப் போய்ச் சொன்னேன். அவன் வெல்டிங் கண்ணாடியைக் கழற்றாமலே கேட்டுக்கொண்டான். தாய்க்காரிக்கு எப்போதும் அப்படித்தான் தோன்றும் என்றான். போய் ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வரலாமே என்றேன். சம்பந்தி வீட்டில் திடீரென்று போய் நின்றால் நம்பாமல் வந்திருக்கிறான் என்று பிள்ளைக்குத்தான் கெட்ட பெயர் என்றான். யாரையும் நம்பாதவன் சொல்கிற பேச்சா இது என்றேன். அவனிடம் ஒரே பதில்தான் இருந்தது. புறா வரலையே.

அதற்கப்புறம் அந்த வீட்டில் அதுவே பேச்சானது. தங்கை அழுதால் புறா வரலையே. சாப்பாட்டுத் தட்டைத் தள்ளினால் புறா வரலையே. அவள் மகளோடு போனில் பேசிக்கொண்டிருக்கும்போதே பின்னால் திரும்பி, "ஒரு தடவை போய்ப் பாத்துட்டுத்தான் வாங்களேன்" என்று இவனிடம் கெஞ்சியதை நானே பார்த்தேன். நாற்காலியில் உட்கார்ந்திருந்தவன் கொஞ்சம் சத்தமாகவே சொன்னான். "அதான் புறா வரலையே, அப்புறம் என்ன? நல்லாத்தான் இருக்கா." அந்தப் பக்கத்தில் மிளகா ஒன்றும் பேசவில்லை. சிக்னல் போய்விட்டது என்று தங்கை இரண்டு முறை ஹலோ சொன்னாள். பிறகு, இருக்கேம்மா, வச்சிடட்டுமா என்று சத்தம் வந்தது.

அதற்குப் பின் நடந்த ஒரே நல்ல மாற்றம், அவள் போன் பேசும்போது மாமியார் குறுக்கிடுவது நின்றது. ஸ்பீக்கர் சத்தமும் இல்லை. எப்போதாவது கூப்பிட்டாள், அளவாகப் பேசினாள். பார்த்தாயா, பழகிவிட்டது என்று பட்டறைக்காரன் சொன்னான். தங்கைகூடக் கொஞ்சம் அடங்கினாள்.

மாரிக்காலம் முடிந்து ஒரு நாள் சாயங்காலம் என்னை ஆள்விட்டுக் கூப்பிட்டான். மாடிக்கு ஏறினேன். கூண்டு வாசலில் கிறுக்கன் நின்றது. நான் புறாக்காரன் இல்லை, எனக்கே தெரிந்தது. நெஞ்செலும்பு கத்தி மாதிரி துருத்திக்கொண்டிருந்தது. அதன் பெட்டை உள்ளேயிருந்து குரல் கொடுக்கிறது, இது தண்ணீர்க் கிண்ணத்தில் வாயை வைத்தது வைத்தபடி நிற்கிறது.

"கிளம்பு மாப்ளே, ரயிலுக்கு நேரம் இருக்கு" என்றேன். அவன் அசையவில்லை. புறாவைக் கையில் எடுத்தான். ஒரு சிறகை விசிறி மாதிரி விரித்து வெளிச்சத்தில் பிடித்தான். ஓரத்து இறகுகள் மட்டும் மற்றதை விடக் குட்டையாக, புதிதாக இருந்தன. காம்பில் இன்னும் ரத்தம் காயாத குருத்து. பந்தயப் புறாவென்று காலில் மாட்டியிருந்த வளையம் இல்லை, அறுத்த தடம்தான் இருந்தது.

"பறக்க முடியாம இறகைப் புடுங்கியிருக்கான் மச்சான். எவனோ நடுவுல பிடிச்சு வச்சிருக்கான். இது திரும்ப முளைக்க ஒன்றரை மாசம் ஆவும்."

அப்புறம்தான் அவன் கணக்குப் போட்டுப் பார்த்தான். கூண்டுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். புறா வந்ததல்ல விஷயம். அவள் திறந்துவிட்டு ஒன்றரை மாதம் ஆகிவிட்டது. ஐந்தாம் நாள் வாசலில் நிற்பேன் என்று சொன்னவனை எதிர்பார்த்து ஒரு பெண் ஒன்றரை மாதம் என்ன செய்திருப்பாள்? தங்கையிடம் புறா வந்ததை மட்டும் சொன்னோம், இறகைப் பற்றிச் சொல்லவில்லை. அவள் முகத்தில் ஒரு நிமிஷம் சந்தோஷம்கூட வந்தது. இப்போதாவது கிளம்புகிறானே என்று. போன் பண்ணிச் சொல்லட்டுமா என்றாள். வேண்டாம், சுதாரித்துக்கொள்வார்கள் என்றான்.

ரயிலில் இரண்டு ராத்திரியும் அவன் படுக்கவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே ஓடுகிற வீடுகளின் மாடியையே பார்த்துக்கொண்டு வந்தான். பகலில் எங்காவது புறாக்கூண்டு தெரிந்தால், பிடிச்சவன் இவனாத்தான் இருக்கும் என்பான். அடுத்த ஊரில் இன்னொரு கூண்டு தெரியும். இல்ல, இவன்தான் என்பான். இவ்வளவு தூரத்தில் எத்தனை மாடி என்று அவனுக்கு அன்றைக்குத்தான் தெரிந்திருக்க வேண்டும். அவசரத்துக்கு விமானம் என்று ஒன்று இருப்பது எங்கள் இரண்டு பேர் மண்டையிலும் உறைக்கவே இல்லை. அது நம்மைப் போன்றவர்கள் ஏறுகிற வண்டி என்று நினைத்ததே கிடையாது.

மருமகன் வீட்டில் மாமியார்தான் கதவைத் திறந்தாள். எங்களைப் பார்த்ததும் எங்கள் தோளுக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தாள். "எங்க அவ? கூட்டிட்டு வரலையா?" என்று எங்களையே கேட்டாள்.

நான்தான் பேசினேன். இங்கேதானே இருக்க வேண்டும், எங்கே என்று நாங்களல்லவா கேட்க வேண்டும் என்றேன். பையைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்கு ஓடி மாதத்துக்கு மேல் ஆகிறது, தானாகத் திரும்பி வரட்டும் என்று இருந்தோம், நீங்கள்தான் ஒளித்து வைத்துக்கொண்டு நாடகம் ஆடுகிறீர்கள் என்று அவள் குரலை உயர்த்தினாள். உள்ளேயிருந்து மருமகன் வந்தான். கை நீட்டுகிறவன் என்பது அவன் நின்ற நிற்பிலேயே எனக்குத் தெரிந்தது. பஸ்ஸில் இந்த மாதிரி ஆளை நிறைய இறக்கிவிட்டிருக்கிறேன். ஒரு அடி அடித்தால் இப்படியா ஓடிப்போவாள் ஒருத்தி என்று அவனே வாயை விட்டான். பட்டறைக்காரன் அவனை ஒன்றும் செய்யவில்லை. அவனைத் தாண்டி, பால்கனியில் தொங்கிய வெறும் கூண்டையே பார்த்துக்கொண்டு நின்றான். நான் கையைப் பிடித்து இழுத்து வந்தேன்.

படியிறங்கும்போது என் மனதில் ஓடியதை எழுத மாட்டேன். ஆறு, கிணறு, தண்டவாளம் என்று எல்லாம் ஓடியது. அவள் போன்தான் வந்துகொண்டிருந்ததே என்று ஒரு பக்கம் நினைத்தேன். எங்கேயிருந்து வந்தது, யார் பக்கத்தில் நின்று பேசவைத்தார்கள் என்று இன்னொரு பக்கம் நினைத்தேன். கீழ்வீட்டு அம்மா துணி உலர்த்திக்கொண்டிருந்தவள், மேலே ஒரு பார்வை பார்த்துவிட்டு எங்களைச் சுவரோரம் கூப்பிட்டாள்.

"அந்தப் பொண்ணோட அப்பாவா? பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ல ரத்தம் எடுக்கற எடம் இருக்கு. அங்க போய்ப் பாருங்க. நான் சொன்னேன்னு சொல்லாதீங்க."

போனோம். கண்ணாடிக் கதவு, உள்ளே வரிசையாகப் பிளாஸ்டிக் நாற்காலி, டோக்கன் எண் ஓடுகிற பெட்டி, ஸ்பிரிட் வாசனை. டோக்கன் எடுக்காமல் உள்ளே போகக்கூடாது என்றாள் வாசலில் இருந்த பெண். பட்டறைக்காரன் டோக்கன் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தான். நான் தடுக்கவில்லை. எங்கள் எண் வந்ததும் திரைக்குப் பின்னால் போனோம். வெள்ளைக் கோட்டும் கையுறையுமாக மிளகா உட்கார்ந்திருந்தாள். நிமிர்ந்து பார்க்காமல், கையை நீட்டுங்க என்றாள். அவன் நீட்டினான். அந்தக் கையில் வெல்டிங் பொறி பட்ட வடுக்களைப் பார்த்துவிட்டுத்தான் தலை தூக்கினாள்.

"அம்மாவுக்கு என்ன?" அதுதான் முதலில் கேட்டது.

ஒன்றுமில்லை, நன்றாக இருக்கிறாள் என்றேன். அவள் முகம் கொஞ்சம் இளகியது. உள்ளே யாரிடமோ சொல்லிவிட்டு எங்களை வெளியே கூட்டி வந்தாள். கட்டிடத்துக்குப் பக்கத்தில் மரப்பெஞ்சு கிடந்தது. உட்காரச் சொன்னாள், தண்ணீர் பாட்டில் கொடுத்தாள், சாப்பிட்டீர்களா என்று கேட்டாள். சொந்தக்காரர்களிடம் பேசுகிற மாதிரி இல்லை. நோயாளியோடு வந்தவர்களிடம் பேசுகிற மாதிரி இருந்தது.

"கிறுக்கன் வந்துட்டான்மா" என்றான் அவன்.

"எப்ப?"

"முந்தாநாள் சாயங்காலம். எவனோ பிடிச்சு இறகைப் புடுங்கி..."

"தெரியும்ப்பா. பிடிச்சிருப்பாங்க, இல்ல பருந்து அடிச்சிருக்கும்னு நினைச்சேன். உயிரோட வந்துச்சே, சந்தோஷம்."

அவள் நம்பினாள். அது அவனுக்குப் பெரிய நிம்மதி. சாமானை எடுத்துக்கொள், இன்றைக்கே கிளம்பிவிடலாம், மிச்சத்தை வக்கீல் பார்த்துக்கொள்வான் என்று படபடவென்று பேசினான். அவள் பேச விட்டாள். முடிந்ததும், நான் வரலப்பா என்றாள். பெண்கள் விடுதியில் ஒரு அறை, ஆறு பேர், பரவாயில்லை என்றாள். வேலை நிரந்தரமாகப் போகிறது என்றாள். வக்கீலையும் பார்த்துவிட்டாள், அந்த விடுதிப் பொறுப்பாளர் அம்மாவே கூட்டிப் போனாராம். எல்லாம் அவளே செய்திருந்தாள்.

"எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மிளகா" என்றேன். தனியாகத்தானே போன் பேசினாய், அப்போதாவது சொல்லியிருக்கலாமே என்றேன்.

கொஞ்ச நேரம் கையுறையின் விரல்களை ஒவ்வொன்றாக இழுத்துக்கொண்டிருந்தாள்.

"கிறுக்கனைத் திறந்து விட்டு அஞ்சு நாளும் பையை எடுத்து வச்சுக்கிட்டு இருந்தேன் மாமா. அஞ்சாம் நாள் யாரும் வரல. சரி, ஒரு நாள் லேட்டுன்னு ஆறாம் நாளும் இருந்தேன். பத்தாம் நாள் அம்மா போன் பண்ணாங்க. பக்கத்துல அந்தம்மா நிக்கறாங்க, நான் என்ன பேச முடியும்? அம்மா அந்தப் பக்கம் திரும்பி, ஒரு தடவை போய்ப் பாத்துட்டு வாங்களேன்னு கெஞ்சறது கேட்டுச்சு. அப்பா சொன்னதும் கேட்டுச்சு. புறா வரலையே, நல்லாத்தான் இருக்கா."

பட்டறைக்காரன் தலை குனிந்திருந்தான்.

"கூடையில போறதுல பாதி வராதுப்பா. அது எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். நானே உங்களுக்கு எண்ணிச் சொல்லியிருக்கேன். அப்படி இருந்தும் வராததை வச்சு நான் நல்லா இருக்கேன்னு முடிவு பண்ணிட்டீங்க. கோவம் எல்லாம் இல்ல. அன்னைக்கு போனை வச்சதும் தோணுச்சு, இனிமே யாரும் வரமாட்டாங்க, நாமதான் போவணும்னு. மறுநாள் கதவு திறந்து இருந்துச்சு, பையைத் தூக்கிட்டு வந்துட்டேன். அப்புறம் சொல்லணும்னு தோணல. அவ்வளவுதான்."

கத்தியிருந்தால், அழுதிருந்தால், காலை உதைத்துக்கொண்டு பழைய மிளகாவாக நாலு வார்த்தை குத்தியிருந்தால் அவன் தாங்கியிருப்பான். அவள் குரலில் ஒன்றுமே இல்லை. ரிப்போர்ட் படிக்கிற மாதிரி சொன்னாள். தப்புதாம்மா, தப்புதாம்மா என்று அவன் இரண்டு முறை சொன்னான். சரிப்பா என்றாள்.

எனக்கு அந்தச் சரிப்பா தாங்கவில்லை. எழுந்து தெருவைப் பார்த்து நின்றேன். திரும்பி வந்தபோது அவள் செல்போனில் ஏதோ தட்டிக்கொண்டிருந்தாள். ரயிலில் இரண்டு ராத்திரி கஷ்டப்பட வேண்டாம், சாயங்காலம் விமானத்தில் இரண்டு இடம் இருக்கிறது, போட்டுவிட்டேன் என்றாள். அவன் வேண்டாம் என்று தலையாட்டினான். இன்னும் இரண்டு நாள் இங்கேயே ஏதாவது லாட்ஜில் இருக்கிறேன், தினம் ஒரு முறை வந்து பார்த்துவிட்டுப் போகிறேன் என்று சின்னப் பிள்ளை மாதிரி கேட்டான்.

"வேலை இருக்குப்பா. நீங்க கிளம்புங்க" என்றாள். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னாள். "அம்மாவை மட்டும் ஒரு நாள் வரச் சொல்லுங்க மாமா. அவங்க வந்தா லீவு போடறேன்."

அம்மாவை மட்டும். அவன் காதிலும் விழுந்தது. கண்ணாடிக் கதவுக்குள் அவள் போய், திரைக்குப் பின்னால் மறைந்த பிறகும் அவன் டோக்கன் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். உள்ளே அடுத்த எண் ஓடியது.

விமானத்தில் அவன் ஜன்னலோரம். இடுப்புப் பட்டையை நான்தான் மாட்டிவிட்டேன். ஏறி, மேகத்துக்கு மேலே போய், ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்து, குப்பையை வாங்கிக்கொண்டு போனார்கள். கொஞ்சம் கண்ணயர்ந்திருப்பேன். இறங்கப் போகிறோம் என்று அறிவிப்பு வந்தது. எங்கே இறங்குகிறது என்று என்னைக் கேட்டான். நம் ஊர்தான் என்றேன். அவன் நம்பவில்லை. நடுவில் வேறு ஏதோ ஊரில் நிற்கிறது, நீ தூங்கிவிட்டாய் என்றான். கைக்கடிகாரத்தைப் பார்த்தான், காதில் வைத்துப் பார்த்தான். அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவரிடம் மணி கேட்டான். அவர் சொன்னார். முன் இருக்கையில் இருந்த பெண்ணைத் தட்டி அவளிடமும் கேட்டான். அவளும் அதையே சொன்னாள். பெட்டி எடுக்க எழுந்த ஒருத்தரிடம், நாம் கிளம்பி எத்தனை நேரம் ஆகிறது என்று கேட்டான். இரண்டு மணி நேரம்கூட இல்லை பெரியவரே என்றார் அவர் சிரித்துக்கொண்டே.

எல்லோரும் இறங்கிவிட்டார்கள். வா மாப்ளே என்றேன். அவன் பட்டையைக் கழற்றவில்லை.

"ரெண்டு மணி நேரமா மச்சான்? காலையில பட்டறையைத் திறந்து வச்சுட்டுப் போயிருந்தாக்கூட மத்தியானம் பாத்திருக்கலாமே."

பணிப்பெண் வந்து, உடம்புக்கு முடியவில்லையா, சக்கர நாற்காலி வேண்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்று அவன் கையைப் பிடித்துத் தூக்கினேன். எடை இல்லாமல் எழுந்தான்.

வீட்டு கேட்டில் தங்கை நின்றிருந்தாள். ரயில் கணக்குக்கு நாங்கள் நாளை மறுநாள்தான் வர வேண்டும். எங்களைப் பார்த்ததும் ஆட்டோவுக்குள் குனிந்து பார்த்தாள், யாரும் இல்லை. உயிரோடு இருக்கிறாள், நன்றாக இருக்கிறாள், வேலைக்குப் போகிறாள் என்று நான் முதலில் அதைச் சொன்னேன். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். உன்னை வரச் சொன்னாள் என்றேன்.

"எப்படிண்ணே போறது? எத்தனை நாள் ஆவும்?"

நான் வாயைத் திறக்குமுன் அவன் சொல்லிவிட்டான். மறைக்கத் தெரியாத ஆள்.

"பிளேன்ல வந்தோம். ரெண்டு மணி நேரம்தான்டி."

எதற்கெடுத்தாலும் வாய் ஓயாத என் தங்கை, அவனை ஒரு முறை பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய் அலமாரியிலிருந்து புடவைகளை எடுத்துக் கட்டிலில் அடுக்க ஆரம்பித்தாள். அவன் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தான், திட்டுவாள் என்று. நானும் காத்திருந்தேன். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் உள்ளே போயிருப்பான்.